பூசையில் வாசித்த பெயர்

முட்டை அவிக்கத் தெரியாதவன் குசினி வேலைக்குப் போகிறேன் என்று நின்றான். ரஷ்ய ஆமிக்குச் சமைக்கிற வேலையாம், சண்டைக்கு விடமாட்டார்களாம். ஏஜென்சிக்காரன் சொன்னானாம். "உன்ர சமையலை நம்பி ஒரு ஆமியோ? அவங்கள் துலைஞ்சாங்கள்" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என் வாயிலேயே அடித்துக்கொள்ள வேண்டும்போல இருக்கிறது. காலைப் பிடித்தாவது மறித்திருக்கலாம். நான் பை அடுக்கிக் கொடுத்தேன்.

எனக்கு ஒரே தம்பி. திருகோணமலைச் சந்தையடியில் ஓட்டோ ஓடினவன். துறைமுகத்துக்குப் பெரிய கப்பல் வந்தால் சவாரியை விட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிற விசரன்.

போய் நாலாம் மாதம் ஆமி உடுப்பில் துவக்கோடு நிற்கிற படம் ஒன்றை எனக்கு அனுப்பினான். "இஞ்ச எல்லாரையும் முன்னுக்குத்தான் விடுறாங்கள் அக்கா. அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ" என்றான். அதற்குப் பிறகு அவனுடைய குரலை நான் கேட்கவில்லை.

மாசி மாதம், அவனோடு போன புல்மோட்டைப் பெடியன் அங்கத்தைய ஆஸ்பத்திரியில் இருந்து போன் எடுத்தான். "அக்கா, அவன் எனக்குப் பக்கத்திலதான் விழுந்தவன். மூச்சில்லை. தொட்டுப் பார்த்தனான்." ஒரு கடிதம் வரவில்லை, பெட்டி வரவில்லை. ஏறி இறங்கின அரசாங்கக் கந்தோர் ஒன்றிலும் ஒழுங்கான பதில் இல்லை.

அம்மாவுக்குச் சொன்னேன். "அவன் பொய் சொல்லுறான்" என்றுவிட்டு அரிசி களையப் போய்விட்டார். மாதாமாதம் எங்கள் வேதக் கோயிலில் தம்பியின் சுகத்துக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தார். செத்தவனுக்குச் சுகம் கேட்டுப் பூசை வைத்தால், அவனுடைய ஆன்மாவுக்கு யார் மன்றாடுகிறது? அங்கே அவன் தலைமாட்டில் நின்று செபிக்க ஒரு மனுசர் இல்லையே!

நவம்பரில் எங்கள் கோயிலில் ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுப்போம். பங்குச் சுவாமி பூசையில் வாசித்து மன்றாடுவார். அம்மாவுக்குக் கண் தெளிவில்லாததால் எழுதுவது நான்தான். அப்பா, அப்பப்பா, பெரியம்மா என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கடைசியில், அவர் சொல்லாமலே, தம்பியின் பெயரையும் எழுதிவிட்டேன். கேட்டால் விடமாட்டார் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை.

பெரியம்மாவின் பெயருக்குப் பிறகு சுவாமி அவனுடைய பெயரை வாசித்தார். அம்மா எழும்பி நின்றார்.

"சுவாமி, அது பிழை. என்ர பிள்ளை சாகேல்லை."

கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அம்மா என் பக்கம் திரும்பினார். "பெத்தவள் நான் இருக்க, நீயோடி அவனைச் சாக்காட்டுறது?"

அதோடு என்னோடு கதைப்பதை விட்டுவிட்டார். சோற்றைப் போட்டு மேசையில் வைப்பார், சாப்பிடு என்றுகூடச் சொல்லமாட்டார். எனக்கும் ரோசம். அவனை இடுப்பில் தூக்கித் திரிந்தவள் நானும்தானே? தாயும் பிள்ளையும் என்றாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். ஒரே வீட்டில் ஆளுக்கொரு அறையில் இருந்து அழுதோம்.

மார்கழியில் ஒரு பின்னேரம், மழைக்குக் காயாத உடுப்புகளைக் கதிரைகளில் விரித்துக்கொண்டு நின்றேன். அம்மா வந்து பக்கத்தில் நின்றார்.

"அந்தப் பெடியனைக் கேட்டனியோ?"

"என்னத்தை அம்மா?"

"மாசியில அங்க ஒரே பனியாம். என்ர பிள்ளையைக் குழி வெட்டித் தாட்டவங்களோ, அப்பிடியே விட்டிட்டு வந்தவங்களோ?"

அதை நான் அந்தப் பெடியன் போன் எடுத்த அன்றே கேட்டிருந்தேன். "ஏலாமப் போச்சு அக்கா, விட்டிட்டு ஓடினனாங்கள்" என்று அவன் குழறிக் குழறி அழுதான்.

"ஓம் அம்மா, தாட்டவை" என்றேன். "வடிவாத் தாட்டு, சிலுவையும் நட்டவையாம்."

அம்மா தலையாட்டினார்.

"அப்ப எழுது" என்றார். "இந்த மாசப் பூசையை ஆன்ம இளைப்பாற்றிக்கு எண்டு எழுது."