வலி தெரியாத காலுக்கு ஒரு சப்பாத்து

"வலிக்கவில்லை" என்று ஒருவர் சொன்னால், அந்தச் சொல்லை மட்டும் நம்பி அவருக்கு ஒரு சப்பாத்தை விற்கலாமா? மலேசியாவின் செனாவாங்கில் நான் வேலை செய்யும் சைக்கிள் கடைக்கு வந்த சரசு ஆன்ட்டி, மேசைமீது ஒரு பிளாஸ்டிக் பையை வைத்த நாளில் இந்தக் கேள்வி எனக்கு எழுந்தது.

பைக்குள் ஒற்றை வெள்ளை ஸ்டோக்கிங், அதாவது காலுறை, இருந்தது. அதன் வெளி ஓரத்தில் காய்ந்த இரத்தக் கறை.

"துவைக்க எடுத்தப்பதான் பாத்தேன் புள்ள. இவர கேட்டா, 'கறையா, எங்க?'ன்னு என்னையே கேக்குறாரு."

பின்னால் நின்ற அவர் கணவர் மாணிக்கம் அங்கிள் சங்கடமாகச் சிரித்தார். "நெசமாவே தெரியல லா. புக்கிட் பெலண்டோக் வரைக்கும் சைக்கிள்ல போய்ட்டு வந்தேன். ஒன்னுமே வலிக்கல."

அவர் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், வீடு ரந்தாவில். ஞாயிற்றுக்கிழமைகளில் பாமாயில் தரும் செம்பனைத் தோட்டச் சாலைகளில் நண்பர்களோடு சைக்கிள் ஓட்டுவார். அந்தப் பயணத்தில் அவர் போட்டிருந்த சைக்கிள் சப்பாத்தை முந்தைய வாரம் அவருக்குப் பொருத்தி விற்றவள் நான்தான். விளையாட்டு அறிவியல் படித்துவிட்டு, கால் அளவு எடுப்பதையும் கிளீட் பொருத்துவதையும் தொழிலாகக் கொண்டவள். கிளீட் என்பது சப்பாத்தின் அடியில் திருகப்பட்டு, பெடலோடு பூட்டிக்கொள்ளும் துண்டு. பூட்டிய கால் இடம் மாறி உட்கார முடியாது. ஆகவே சாதாரணச் சப்பாத்தில் சிறு உரசலாக முடிவது, இதில் காயமாகும்.

முதல் முறை அவர் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அளவு எடுக்க நான் தரையில் அமர்ந்ததும், இரண்டு கால்களையும் சடாரென்று நாற்காலிக் கம்பிமேல் தூக்கிவிட்டார்.

"வேணாம் புள்ள. வெள்ளிக்கிழம அதுவுமா பொம்பளப் புள்ள என் காலத் தொடுறதா? நீ சொல்லு, நானே போட்டுக்குறேன்."

ஸ்டோக்கிங்கையும் அவர் கழற்றவில்லை. அகலமான மாடலைக் கொடுத்தேன். "லூசா இருக்கு" என்றார். ஒடுக்கமானதைக் கொடுத்தேன். "ஆங், இதான். நல்லா கவ்வுது." வாடிக்கையாளரின் வாய்ச்சொல்லே எங்கள் இறுதி அளவுகோலாக இருந்த காலம் அது. விற்றேன்.

இப்போது ஆன்ட்டியின் அதட்டலுக்குப் பணிந்து ஸ்டோக்கிங்கைக் கழற்றினார். வலது காலில் சுண்டுவிரல் இல்லை. அது இருந்த இடத்துக்குக் கீழே எலும்பு வெளியே புடைத்திருந்தது. அதன்மேல் சிறிய புண். முன்பாதம் விரிந்தும் குதிகால் குறுகியும் இருந்தன.

"இனிப்பு நீர்ல போன விரலு. காலும் மரத்துப்போச்சு," என்றார் ஆன்ட்டி, சர்க்கரை நோயைச் சொல்லி. "சைக்கிள் ஓட்ட ஆரம்பிச்சப்புறம்தான் இனிப்பு எறங்குச்சு. ஆனா இன்னொரு புண்ணு முத்துனா கால் தங்காது, சைக்கிளையே மறந்துடணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

எங்கள் தவுக்கே, கடை முதலாளி, என்னை ஓரமாக அழைத்தார். "பணத்தத் திருப்பிக் குடுத்து அனுப்பிடு லா. இந்த மாதிரி கால் நமக்கு வேணாம்."

அவர் அச்சம் நியாயமானது. ஆனால் நாங்கள் அனுப்பிவிட்டால் என்ன நடக்கும்? இணையத்தில் இன்னொன்றை வாங்கி, அதையும் கவ்வும்படி இறுக்கிக்கொள்வார். அல்லது ஓட்டுவதையே விட்டுவிடுவார். முதலாவது காலுக்குக் கேடு, இரண்டாவது உடலுக்கே கேடு. "புண்ண மொதல்ல கிளினிக்ல காட்டுங்க அங்கிள். ஆறுனப்புறம், டாக்டர் சரின்னு சொன்னா வாங்க," என்றேன். சரசு ஆன்ட்டியிடம் தனியாக, "வரும்போது கொஞ்சம் மஞ்சத்தூள் கொண்டு வாங்க" என்றேன்.

புண் ஆறி, டாக்டரின் சம்மதத்தோடு வந்தார்கள். முதலில் அதே ஒடுக்கமான சப்பாத்தின் உள்ளே விரித்திருக்கும் இன்சோல் அட்டையை வெளியே எடுத்து, அதன்மேல் வெறுங்காலுடன் நிற்கச் சொன்னேன். பாதத்தின் ஓரம் அட்டையைத் தாண்டி வழிந்தது. அகலம் போதாது என்பது தெரிந்துவிட்டது. ஆனால் மூடிய சப்பாத்துக்குள் எந்த இடம் அழுத்துகிறது என்பதை உணர்விழந்த காலிடம் கேட்க முடியாது. அகலமான மாடலின் உட்புறம் முழுவதும் வெள்ளை டேப் ஒட்டினேன். மஞ்சளைக் குழைத்துக் காலில் பூசும் வேலை ஆன்ட்டிக்கு. அவர் தொடுவதற்கு வெள்ளிக்கிழமை தடையில்லை.

"நலுங்குக்குக் கூட நீ இவ்ளோ மஞ்ச பூசலையே சரசு."

"அப்ப பத்து விரலோட மாப்பிள்ளையா இருந்தீங்க. ஆடாம உக்காருங்க."

நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் டிரெய்னரில் பூட்டிய சைக்கிளைச் சிறிது நேரம் மிதித்தார். சப்பாத்தைக் கழற்றிப் பார்த்தோம். வெள்ளை டேப்பில், புடைத்த எலும்பு இருந்த இடத்தில் மட்டும் அடர்ந்த மஞ்சள் வட்டம். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால் அந்த இடத்தை இளக்கி, சப்பாத்தை விரிக்கும் உருண்டைத் தலை ஸ்ட்ரெச்சரால் வெளியே தள்ளி ஆறவிட்டேன். குறுகிய குதிகால் நழுவாதிருக்க உள்ளே மெல்லிய பட்டை வைத்தேன். மறுபடி மஞ்சள், மறுபடி மிதி. இம்முறை நிறம் எங்கும் லேசாகப் பரவியிருந்தது, வட்டம் இல்லை.

அங்கிளுக்குத் திருப்தியில்லை. "கவ்வவே இல்லையே. கழண்டுடாதா?"

"இறுக்குனாத்தான் உங்க காலுக்கு சப்பாத்து இருக்குறதே தெரியுது அங்கிள். அதான் ஆபத்து. இனிமே காலக் கேக்க வேணாம், மஞ்சளக் கேளுங்க. வழியில எறங்கி, கழட்டி, கண்ணாலயும் பாக்கணும்."

"நான் பாக்க வைக்கிறேன்," என்றார் ஆன்ட்டி. அங்கிள் சப்பாத்தைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டார்.

அந்தச் சப்பாத்தோடுதான் மாணிக்கம் அங்கிள் இன்றும் ஓட்டுகிறார். புக்கிட் பெலண்டோக் போகும் வழியில் நண்பர்கள் தேநீருக்கு நிறுத்தும் இடத்தில், அவர் சப்பாத்தைக் கழற்றிக் காலைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புகிறார். பதில் வந்த பிறகுதான் தேநீர்.

எங்கள் கடையில் இப்போது யாருக்கும் ஸ்டோக்கிங்கோடு அளவு எடுப்பதில்லை. "வலிக்கிறதா?" என்று கேட்பதற்கு முன்னால், "தொட்டால் தெரிகிறதா?" என்று கேட்கிறோம். என் மேசை இழுப்பறையில் வெள்ளை டேப்பும் ஒரு டப்பா மஞ்சள்தூளும் இருக்கின்றன. டப்பா தீர்ந்தால் வாங்கி வைப்பவர் தவுக்கே.