வால் பக்கத்துப் பாரம்

படிப்பு எனக்கு நாலாம் வகுப்போடு சரி. ஆனால் பாரத்தைப் பற்றி என்னிடம் யாரும் வாய் திறக்க முடியாது. குலசேகரத்தில் ரப்பர் ஷீட் சுமந்த தோள் இது. பிறகு சொந்தமாக லாரி வாங்கினேன், ஒன்று மூன்றானது. லாரி நிற்கிற நிலையைப் பார்த்தே பின்பாரம் கூடியிருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். தக்கலை வரைக்கும் விசாரித்துப் பாருங்கள்.

மகளுக்கு வரன் பார்த்தபோது டாக்டர்கள்கூட வந்தார்கள். நான் தேர்ந்தெடுத்தது, வெளியே ஒரு தீவு நாட்டில் சிறிய விமானத்துக்கு லோடு பார்க்கிற பையனை. எந்தப் பெட்டி மூக்குப் பக்கம், எது வால் பக்கம், எந்த ஆள் எந்த சீட்டில் என்று முடிவு செய்வது அவன்தான். நம்ம தொழிலேதான், என்ன, ஆகாயத்தில் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். லோடு பார்க்கிறவன் இன்னொரு லோடுகாரனிடம் பாரத்தில் பொய் சொல்ல மாட்டான் என்று நம்பினேன்.

போன வருடம் பேரனுக்கு ஞானஸ்நானம். ஞானத்தகப்பனாக நான் நிற்க வேண்டும் என்று மருமகனே கேட்டிருந்தான். கோயிலில் பிள்ளையைக் கையில் ஏந்தத்தான் இந்த வயதில் கடல் தாண்டினேன். சட்டைப்பைக்குள் அவனுக்குச் சங்கிலி. பெரிய தீவில் இறங்கி, அவர்கள் வீடிருக்கும் சின்னத் தீவுக்கு மருமகனுடைய விமானத்தில் ஏறினேன். பெட்டியோடு என்னையும் எடை போட்டுத்தான் ஏற்றினார்கள். கடைசி சீட்டு. சாயங்காலம் சடங்கு.

மருமகன் கதவு வழியாகத் தலையை நீட்டினான். "மாமா, வால் பக்கம் பாரம் கூடிப்போச்சு. கடைசி சீட்டு ஆளு எறங்கணும். அடுத்த பிளேன்ல ஒரு மணிக்கூருக்குள்ள வந்திரலாம்."

"எனக்கா சொல்லித் தாறிய, மருமவனே?" என்று சிரித்துக்கொண்டே, மற்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகச் சொல்லி இறங்கினேன்.

ஓரமாக நின்றேன். வால் பக்கத்துக் கதவு மறுபடியும் திறந்தது. கைவண்டியில் அட்டைப்பெட்டிகள் வந்தன. தூக்கியவர்களின் இடுப்பு வளைந்ததிலேயே கனம் தெரிந்தது. உள்ளே பாட்டில்கள் கிலுங்கின. எல்லாவற்றையும் வாலிலேயே அடுக்கினார்கள். பாரம் கூடின வாலில் எவனாவது மேலும் ஏற்றுவானா? மருமகன் என் பக்கம் திரும்பாமல் ஏறிக்கொண்டான். விமானம் ஒரு குறையும் இல்லாமல் பறந்து போனது.

அடுத்த விமானம் வரும்போது இருட்டிவிட்டது. வீட்டில் விருந்து அமர்க்களம். மருமகனின் அப்பாதான் ஞானத்தகப்பனாக நின்றாராம். பேரன் அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான், கழுத்தில் அவர் போட்ட சங்கிலி. பக்கத்தில் அதே அட்டைப்பெட்டிகள் பிரித்துக் கிடந்தன.

"எடைக் கணக்கு அப்படி வந்திட்டு மாமா," என்றான் மருமகன்.

"எறக்கினதும் வால்ல, ஏத்தினதும் வால்ல. இது எந்த ஊருக் கணக்கு?"

கிளாஸ் எடுக்கிற சாக்கில் நழுவிவிட்டான்.

மகள் அடுக்களையில் இருந்தாள். "நீயும் அறிஞ்சியா மக்கா?" என்றேன்.

"பாட்டில் வரல்லன்னா வந்தவங்க முன்னால நாணக்கேடுல்லாப்பா. நீங்க நம்ம ஆளு, பொறுத்துக்கிடுவியன்னு நாந்தான் அவருகிட்ட சொன்னேன்." தட்டை எடுத்தாள். "சோறு விளம்பட்டா?"

"எனக்க சீட்டுல வந்த பெட்டி இருக்குல்லா மக்கா," என்றேன். "அதுக்கு விளம்பு."