நீலக் காரில் ஏதோ இருக்கிறது

நீலக் காருக்குள் மாமா ஏதோ தில்லுமுல்லு செய்து வைத்திருக்கிறார் என்பதில் அப்போது எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. மாமா என்றால் அம்மாவின் கடைசித் தம்பி. ரயில் ஓட்டும் வேலைக்குப் பரீட்சை எழுதிப் பாஸாகி, மெடிக்கல் டெஸ்டுக்காகக் காத்திருந்த நாட்களில் மாரண்டஹள்ளிப் பக்கம் எங்கள் வீட்டில்தான் இருந்தார். மச்சினன் ரயில் ஓட்டப்போகிறான் என்று அப்பா தக்காளி மண்டி முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

தக்காளி பறித்து முடிந்த சாயங்காலங்களில் ஒரு க்ரேட்டைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் மாமாவின் டேப்லெட்டை வைப்போம். ஒரே திரை, மூலைக்கு ஒரு பட்டன். மாமா, அண்ணன், நான் என்று மூன்று பேர். நீலம், சிவப்பு, பச்சை என்று ஆளுக்கொரு பொடிக் கார். மற்ற இரண்டு கார்களையும் முட்டி மேடையிலிருந்து கீழே தள்ளிவிட்டால் ஜெயம். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். முதலில் விழுந்தவர் மாட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் தூக்க வேண்டும். தூக்கியது பெரும்பாலும் நான்தான்.

மாமா நீலத்தைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். மாற்றிக்கொள்ளலாம் என்றால் பேச்சை மாற்றுவார். இந்த ஆளை எப்படி நம்புவது? தோட்டத்திலும் இப்படித்தான். பழம் பறிக்கச் சொன்னால் ஒவ்வொன்றையும் அமுக்கி அமுக்கிப் பார்ப்பார். அப்படியும் கூடையில் காய் கிடக்கும். அம்மா தலையில் அடித்துக்கொண்டு க்ரேட் தூக்க அனுப்பிவிடுவாள். குனிந்து பறிக்காமல் தப்பிக்க வேண்டுமென்றே செய்கிறார் என்று நான் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

ஒருநாள் அவர் வருவதற்குள் ஓடிப்போய் நீல மூலையைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவோ தாஜா செய்து பார்த்தார். நான் அசையவில்லை. வேறு வழியில்லாமல் சிவப்பில் உட்கார்ந்தார், அண்ணன் பச்சை. ஆட்டம் தொடங்கியதும் சிவப்புக் கார் நேராகப் போய்க் கீழே விழுந்தது. மாமாவோ பச்சைக் காரையே பார்த்தபடி இன்னும் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தார். அடுத்த ஆட்டத்திலும் அதே கதை. நானும் அண்ணனும் விழுந்து விழுந்து சிரித்தோம். பார்த்தாயா, நீலம் இல்லையென்றால் மனுஷன் ஒன்றுமே இல்லை.

பக்கத்தில் பழம் பிரித்துக்கொண்டிருந்த அம்மா சிரிக்கவில்லை. குவியலிலிருந்து ஒரு பழத்தையும் ஒரு காயையும் எடுத்து மாமாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“இதுல எதுறா பழம்?”

மாமா அமுக்கிப் பார்க்கக் கையை நீட்டினார். அம்மா கையை இழுத்துக்கொண்டாள்.

“தொடாம சொல்லு.”

மாமா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். “வூட்ல யாருக்கும் சொல்லிறாதக்கா. மெடிக்கல் முடியட்டும்,” என்றார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அடப்பாவிகளா, அம்மாவும் கூட்டா! யாருக்கும் சொல்லாதே என்றால் நீலக் காரின் ரகசியத்தைத்தானே? அன்றிலிருந்து இருவரையும் கண்காணிக்க ஆரம்பித்தேன்.

அடுத்த வாரம் மாமா மெடிக்கலுக்குப் போனார், வேலை இல்லாமல் திரும்பி வந்தார். சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிகிறவரை நம்பி யார் ரயிலைக் கொடுப்பார்கள்? இது எனக்குப் புரியப் பல வருஷங்கள் பிடித்தன. மாமா திரும்பிய அன்று அப்பா மண்டிக்குப் போகவில்லை.

சாயங்காலம் மாமாவே க்ரேட்டைக் கவிழ்த்து டேப்லெட்டை வைத்தார்.

“இனிமே நீலம் உனக்குத்தான் பாப்பா. நீங்க ஆடுங்க, நான் தண்ணி தூக்குறேன்.”

திருடன் திருடிய பொருளைத் தானாகவே கொண்டுவந்து வைத்துவிட்டான் என்று எனக்கு ஒரே கொண்டாட்டம். நீலக் காரோடு அண்ணனிடம் மோதினேன். தோற்றேன். மறுபடி மோதினேன், மறுபடியும் தோற்றேன். கொடுப்பதற்கு முன்பே உள்ளே இருந்ததைக் கழற்றிக்கொண்டுதான் கொடுத்திருக்கிறார். வாளியோடு தொட்டியைப் பார்த்து நடந்துகொண்டிருந்த மாமாவின் முதுகை முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.