பூஜையில் வைத்த பென்டிரைவ்

பென்டிரைவைச் சொருகியதும் கணினி இரண்டு சுரத்தில் ஓர் ஒலி எழுப்பும், படியில் யாரோ இரண்டு எட்டு ஏறி நின்றதுபோல. அந்த ஒலி கேட்டால் எனக்குச் சந்தனம் மணக்கும். சந்தனத்துக்குப் பின்னால் சாக்கில் கட்டிய ஏலக்காயும். கொழிஞ்சாம்பாறை வெயிலில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன். புதுக் கணினிக்கான பாகங்கள் மேசைமேல் அட்டைப்பெட்டிகளில் இருக்கின்றன. ஒன்றையும் பிரிக்கவில்லை, பிரிக்கவும் மாட்டேன். கணினியை ஓடவைக்கும் அடிப்படை மென்பொருளான இயங்குதளத்தை ஏற்றும் பென்டிரைவ் ஆயத்தமாகி, வேறொரு கணினியில் அது எழுந்து நின்று காட்டிய பிறகுதான் அட்டையில் கத்தி வைப்பேன். உடம்பைக் கட்டி முடித்துவிட்டு உயிரைத் தேடி ஓடிய ஒருவரை எனக்குத் தெரியும். அவர் ஓடியதை நான் நின்று பார்த்தேன். இன்றைக்கும் அது எனக்கு இனிக்கிறது.

மலைமேல் சாந்தன்பாறைக் கடைவீதியில் அவர் கணினிக் கடை வைத்திருந்தார். நான் அங்கே வேலைக்கு நின்றேன். ஊரே அவரை அண்ணாச்சி என்றது, நானும் அப்படியே. திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறிய குடும்பம். ஸ்க்ரூடிரைவரைத் தச்சர் பென்சில்போலக் காதில் செருகியிருப்பார். கணினி கட்டுவது அவருக்கு வேலையல்ல, கூத்து. வாங்க வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, மதர்போர்டை உறையிலிருந்து உருவி, பிறந்த பிள்ளையைக் காட்டுவதுபோல் தூக்கிக் காட்டுவார். தெருவே நின்று பார்க்கும். அந்தக் கூத்துக்கு முந்தைய வேலை என்னுடையது. மூடுபனி இறங்கினால் எங்கள் பக்கம் இணையம் செத்துப்போகும். மூணாறுக்குப் பஸ் ஏறிப்போய் இயங்குதளத்தின் கோப்பை இறக்கி வருவேன். வழியில் சிதைந்திருக்கிறதா என்று சரிபார்ப்பேன். என் சம்பளத்தில் நானே வாங்கிய பென்டிரைவில் அதை எழுதுவேன். மூலையில் கிடந்த பழைய கணினியில் போட்டு எழுப்பிப் பார்ப்பேன். இது இல்லாவிட்டால் அவர் தூக்கிக் காட்டிய பிள்ளைக்குக் கைகாலெல்லாம் இருக்கும், பேச்சு இருக்காது. அவரோ என் வேலையை, "கோலம் போடுமுன்ன தண்ணி தெளிக்கிற சோலி" என்பார். தண்ணி தெளிக்காத தரையில் மாவு நிற்காது என்று கோலமே போடாத மனிதருக்கு யார் சொல்வது?

நான் சேர்ந்த வருஷத்து ஆயுதபூஜையில், சரஸ்வதி படத்துக்கு முன்னால் விரித்த வாழையிலையில் ஸ்க்ரூடிரைவர்களும் குறடுகளும் சந்தனமிட்டுப் படுத்திருந்தன. நான் பென்டிரைவை ஓரமாக வைக்கப் போனேன். அவர் அதை இரண்டு விரலால் எடுத்து என் கையில் போட்டார்.

"இதுவும் ஆயுதமாட்டி? அப்ப அந்தத் தொடப்பத்தையும் கொண்டாந்து வை!"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு முள்போல இறங்கி அங்கேயே தங்கிவிட்டது.

அடுத்த வருஷம் ஓர் ஏலக்காய் வியாபாரி, விஜயதசமி விடியலில் புதுக் கணக்கைப் புதுக் கணினியில் தொடங்க ஆசைப்பட்டார். "இந்தப் பெட்டியை நீதான் கெட்டுத" என்று அண்ணாச்சி எனக்கு வாக்குக் கொடுத்தார். நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா தேயிலைக்காட்டில் கொழுந்து எடுப்பவள். லயத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் செய்தி போயிற்று. ஆயுதபூஜை அன்று காலை, மகள் கணினி கட்டுவதைப் பார்க்கப் பொரிப் பொட்டலத்தோடு ஜீப் பிடித்து இறங்கி வந்தாள். வியாபாரியின் மண்டியில் கூட்டம் கூடியிருந்தது. நான் ஸ்க்ரூடிரைவரை எடுக்கக் கை நீட்டினேன். அத்தனை பேருக்கும் முன்னால் அண்ணாச்சி அதைப் பறித்துக் காதில் செருகிக்கொண்டு அம்மா பக்கம் திரும்பினார்.

"கொழுந்து கிள்ளுத கைக்கு இதெல்லாம் தோதுப்படாதுக்கா. பிள்ளைய பென்டிரைவ் சொருகச் சொல்லுங்க, போதும்."

அம்மா தேயிலைக் கறை ஏறிய தன் விரல்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு அந்தக் கையை முந்தானைக்குள் மெல்ல மறைத்துக்கொண்டாள். என்னைச் சொன்னதை நான் என்றோ மறந்திருப்பேன். அந்தக் கை மறைந்ததை எதைக்கொண்டு மறப்பது?

கூத்தை முடித்துக்கொண்டு, இயங்குதளம் ஏற்றுவதைப் பூஜைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, அன்று சாயங்காலப் பூஜைக்குக் கருவிகளோடு அவர் கடைக்குத் திரும்பினார். அவர் குளிக்கப் போன நேரம், நான் பென்டிரைவுக்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, அவருடைய பெரிய ஸ்க்ரூடிரைவருக்கும் குறடுக்கும் நடுவில் கிடத்தினேன். அவர் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுகிறவள், கடையிலிருந்த கணினிகளுக்கெல்லாம் மாலை போட்டு வேட்டியால் மூடிவிட்டு, "எல்லாம் வச்சாச்சாம்மா?" என்று கேட்டாள். "வச்சாச்சு மதினி" என்றேன். கற்பூரம் எரிந்தது. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு, இலையில் இருந்த அத்தனையையும் தொட்டுக் கும்பிட்டார். என் பென்டிரைவையும்தான். அந்த நொடிக்காகவே நான் மலையில் பிறந்தேன் என்று தோன்றியது.

பூசணி உடைத்து முடிந்ததும் என்னிடம் கை நீட்டினார். "பென்டிரைவைக் கொண்டா. போய் ஏத்திட்டு வந்துருதேன். விடிஞ்சா நல்ல நேரம்."

"பூஜையில இருக்கு அண்ணாச்சி."

இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குனிந்து எடுக்கப் போனார். மதினி குறுக்கே வந்து நின்றாள். "என்னங்க இது? பூஜையில வச்சத எடுக்கவா போறீக? நாளைக்கு நான் கோயிலுக்குப் போயிட்டு வந்து எடுத்துக் குடுத்தாத்தான் உண்டு." இன்னொன்று எழுதலாமென்றால் எந்தக் கணினியில் எழுதுவது? எல்லாம் வேட்டிக்கு அடியில் மாலையோடு உட்கார்ந்திருந்தன. வீதியில் அத்தனை கடையும் அப்படித்தான். மதினி ஷட்டரை இறக்கிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "ஏன்ட்டி அதைப் போயி அங்க வச்ச?" என்று பல்லைக் கடித்தார் அவர். "ஆயுதமெல்லாம் வைக்கணும்னு நீங்கதான சொன்னீக?" என்றேன்.

விடியலில் நான் அம்மாவையும் கூட்டிக்கொண்டு மண்டிக்குப் போனேன். வரமாட்டேன் என்றவளை விடவில்லை. அவமானப்பட்ட இடத்தில்தான் அவள் நின்று பார்க்க வேண்டும். நல்ல நேரம் முடிவதற்குள் எப்படியும் மதினி வந்துவிடுவாள் என்று நம்பியோ என்னவோ, அண்ணாச்சி வியாபாரியிடம் ஒன்றும் சொல்லாமல் விளக்குக்குப் பக்கத்தில் நின்றார். வியாபாரி சாமியை வேண்டிக்கொண்டு பொத்தானை அமுக்கினார். காற்றாடி சுற்றியது, பச்சை விளக்கு எரிந்தது, கூட்டம் கை தட்டியது. பிறகு கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரே ஒரு வரி வந்து நின்றது, இயங்குதளம் இல்லை என்று. அதற்குமேல் ஒன்றுமில்லை. "என்னவே, வெறும் பெட்டி வாங்கவா உம்மகிட்ட வந்தேன்? என் புதுக்கணக்கு இருட்டுலயா தொடங்கணும்?" என்றார் வியாபாரி. அண்ணாச்சி காதிலிருந்த வெற்றிடத்தைத் தடவினார். ஸ்க்ரூடிரைவரும் பூஜையில்தானே இருந்தது. மன்னிப்பது பெரிய குணம் என்று பிறகு பலர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் யாரும் தங்கள் அம்மா கையை ஒளித்துக்கொண்டதைப் பார்த்தவர்கள் இல்லை.

இப்போது என் கணினி பென்டிரைவில் எழுதி முடித்துவிட்டது. புதுப் பென்டிரைவைக் கழற்றிப் பழையதற்குப் பக்கத்தில் வைக்கிறேன். இன்றைய இயங்குதளத்தைப் பழையது கொள்ளாது. ஆனாலும் எந்தக் கணினி கட்டும்போதும் அதை மேசையில் வைத்துக்கொள்வேன். மூடியின் இடுக்கில் சந்தனம் காய்ந்து கல்லாகியிருக்கிறது. அந்த விஜயதசமிக் காலையில் மண்டியிலிருந்து நான் நேரே கடைக்குப் போனேன். மதினி கோயிலிலிருந்து வந்து, பூஜை எடுத்து, தன் கையாலேயே அதை என்னிடம் தந்தாள். நான் அம்மாவோடு ஜீப்பில் ஏறிவிட்டேன், இனி இந்தக் கடைக்கு வருவதில்லை என்று. மண்டியிலிருந்து அண்ணாச்சி வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். ஜீப்பின் கம்பியைப் பிடித்தார். மூச்சு வாங்கியது.

"ஏட்டி, வண்டியை விட்டு எறங்கு. இல்ல, அதையாச்சும் குடுத்துட்டுப் போ. நான் என்னத்த வச்சு அந்தப் பெட்டிய ஓட்டுவேன்?"

அம்மாவின் கையை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி என் மடிமேல் வைத்துக்கொண்டு சொன்னேன்:

"தொடப்பம் கடை மூலையில இருக்கு அண்ணாச்சி. எடுத்துச் சொருகிப் பாருங்க."