பலகையில் ஏறிய வார்னிஷ்

மஞ்சள் காமாலை வந்ததிலிருந்து என் மனைவிக்குத் தாளிக்கிற வாசமே குமட்டியது. பல நாள் கழித்து, பப்பாளித் துண்டுகள் மட்டும் வயிற்றில் தங்கின. அவற்றை நறுக்கி வந்த புளியமரப் பலகையைத்தான் அவள் தம்பி பாழாக்கினான்.

அவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் போலீஸ்காரன். அக்காவுக்குத் துணையாக இருக்க ராஜபாளையம் வந்திருந்தான். நான் காலையில் சுந்தரபாண்டியம் வரை போக வேண்டியிருந்தது. திரும்புவதற்குள், தன் வீட்டுக் கதவுக்கு வாங்கி வண்டியில் வைத்திருந்த வார்னிஷைப் பலகையின் இரு பக்கமும் பூசி, வெயிலில் காயவைத்து, சாயங்காலம் அதிலேயே பப்பாளியையும் நறுக்கிக் கொடுத்திருக்கிறான். ஒரு துண்டு வாயில் போட்டவள் அதோடு சேர்த்து எல்லாவற்றையும் வாந்தி எடுத்திருந்தாள்.

"பழசா கெடந்துச்சு அத்தான். இப்பம் மொகம் பாக்கலாம்."

"மொகம் பாக்க வீட்ல கண்ணாடி இருக்கு மாப்பிள."

ஆசையாகச் செய்தான், விடுங்கள் என்றாள் அவள். ஆசை இருந்தால் கேட்க வேண்டாமா? அடுத்தவன் வீட்டுச் சாமானில் கை வைக்க ஆசை என்ன அனுமதிச் சீட்டா?

மறுநாள் எவர்சில்வர் தட்டில் வைத்து நறுக்கினேன். அவள் தொடவில்லை. அதிலும் அதே வார்னிஷ் வாடை வருகிறது என்றாள்.

பலகையைக் கொல்லையில் போட்டு, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு உப்புத்தாளால் தேய்த்தேன். முதலில் கரடு, பிறகு நைஸ். கத்திக் கீறல்களுக்குள் இறங்கியிருந்த வார்னிஷ் கடைசிவரை பிடிவாதம் பிடித்தது. நானும் விடவில்லை. ஈரத்துணியால் துடைத்தேன், காய்ந்ததும் சிலும்பிய நாரை மறுபடி தேய்த்தேன். கடைசியில் மருந்துக்கடைப் பாரஃபின் எண்ணெய். சமையல் எண்ணெய் என்றால் நாளாவட்டத்தில் சிக்கு வாடை அடிக்கும்.

புட்டியைத் திருப்பிப் பார்த்தான் மைத்துனன். "இது வயித்தால போகாதவிய குடிக்கிறதுல்லா. பலகைக்கு என்ன அத்தான், மலச்சிக்கலா?"

கட்டிலில் படுத்திருந்த அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

எண்ணெய் ஊறியதும் துடைத்து, பலகையை அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்கருகே வைத்து நெடுநேரம் முகர்ந்தாள். திருப்பி மறுபக்கத்தையும் முகர்ந்தாள்.

"பழம் இருக்கா?"

அவள் கண்ணெதிரே நறுக்கினேன். ஒரு துண்டு தின்றாள். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. இரண்டும் தங்கின.

"அதான் சரியாப்போச்சே அத்தான். பொறவு எதுக்கு மூஞ்சிய இப்பிடி வச்சிருக்கிய?" என்றான் மைத்துனன்.

பலகையைக் கழுவித் துடைத்து, இரு பக்கமும் காற்றுப்பட நிறுத்தி வைத்தேன். வார்னிஷ் டப்பாவை அவன் வண்டியில் நானே கொண்டுபோய் மாட்டினேன்.