முக்காட்டுக்கு மேலே ஒரு ஹெட்போன்

சனிக்கிழமை காலை ஆறரைக்குத் தண்ணீரூற்றிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஏற்றிவந்து, முல்லைத்தீவு பஸ் நிலையத்தில் என்னை இறக்கிவிட்ட கணவர் றிஸ்வான், எஞ்சினை நிறுத்தாமலே ஒரு கேள்வி கேட்டார்.

"பஸ்ஸுக்குள்ள பாட்டு சும்மாதானே போகுது நஸ்ரின். அதுக்குக் காசு குடுத்து ஒரு சாமான் வேற வாங்கோணுமா?"

பஸ் புறப்படும் அவசரத்தில் அவருக்குப் பதில் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

பார்வையில்லாத பிள்ளைகளுக்காகப் பாடப்புத்தகங்களை ஒலிப்பதிவு செய்யும் சின்னக் குழு ஒன்றில் வேலை செய்கிறேன். வாசிப்பவர் வேறொருவர். அவர் வாசித்ததைக் கேட்டு, இருமல், தடுமாற்றம், இரண்டு தரம் வாசித்த வரி எல்லாவற்றையும் வெட்டி எறிவது என் பாடு. கிழமையில் மூன்று நாள் கிளிநொச்சி அலுவலகத்துக்குப் போய்வருகிறேன். வீட்டில் இரண்டு பிள்ளைகளும் பக்கத்து வளவில் ஒரு அரிசி ஆலையும் இருப்பதால், கேட்கிற வேலை முழுவதும் பஸ்ஸில்தான் நடக்கும். காதுக்குள் செருகும் சாமானைப் பாவித்துப் பாவித்துக் காது புண்ணாகி, இனிமேல் எதையும் உள்ளே செருகவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மிஞ்சியது காதை முழுதாக மூடும் ஹெட்போன். அதிலும் பின்பக்கம் மூடிய வகை. பின்பக்கம் திறந்த வகையைப் போட்டால் என் பாடம் பக்கத்து சீற்றுக்காரருக்குக் கேட்கும், பஸ்ஸின் பாட்டு எனக்குக் கேட்கும். சரியான ஒன்று கிடைக்காவிட்டால் இந்த வேலையை விடவேண்டியதுதான். எனக்கு இந்த வேலை பிடிக்கும்.

வன்னியில் அப்படி ஒரு ஹெட்போனைத் தலையில் வைத்துப் பார்த்து வாங்கக் கடை இல்லை. ஆனால் வட்டக்கச்சியில் சுகந்தி இருக்கிறாள். பல்கலைக்கழகத்தில் நாங்கள் இருவரும் ஒரே அறை. அவளுடைய கணவர் கேதீஸ் அண்ணாவுக்குக் கனடாவில் வேலை. மற்றவர்கள் நகை சேர்ப்பதுபோல் ஹெட்போன் சேர்க்கிற மனிதர். லீவில் வந்தவரிடம் விற்பதற்கு மூன்று இருந்தன. எதை எடுத்தாலும் எண்பதாயிரம் ரூபா. புதிது என்றால் அதைப்போல் மூன்று மடங்கு. அடுத்த நாள் அவர் விமானம் ஏறுகிறார். பிழையாகத் தெரிவு செய்தால் மாற்றித் தர ஆள் இருக்கமாட்டார்.

முல்லைத்தீவிலிருந்து பரந்தனுக்கு ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர். வட்டுவாகல் பாலத்தில் பஸ் மெதுவாக ஊர்ந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர், வலையோடு நாலைந்து பேர், கொக்குகள். இந்த இடத்தின் பெயரைச் சொன்னாலே, போரின் கடைசி நாட்களை நினைத்து வெளியூர்க்காரர் முகம் மாறும். எங்களுக்கு இது வேலைக்குப் போகிற வழியும்தான். அன்று நான் கண்ணை மூடிக்கொண்டு பஸ்ஸின் சத்தத்தைப் பிரித்துப் பிரித்துக் கேட்டேன். அடியில் எஞ்சினின் உறுமல், அதற்கு மேலே யன்னல் கண்ணாடியின் கடகட, எல்லாவற்றுக்கும் மேலே டிரைவரின் தலைக்கு மேலிருந்த ஸ்பீக்கர். நான் வாங்கப்போகும் சாமானுக்கு எத்தனை எதிரிகள் என்று எண்ணியபோது கொஞ்சம் பயமாகவே இருந்தது.

"தம்பி, பாட்டைக் கொஞ்சம் குறைக்கேலாதோ?" என்று கொண்டக்டரிடம் கேட்டேன்.

"குறைச்சா டிரைவர் அண்ணைக்கு நித்திரை வரும் அக்கா. பிறகு எல்லாரும் வாய்க்காலுக்கதான் இறங்கவேணும்."

புதுக்குடியிருப்பில் ரியூஷன் பிள்ளைகள் ஏறி, நிற்கவும் இடமில்லாமல் போனது. நின்றுகொண்டிருந்த ஒரு அம்மா, கேட்காமலே தன் கத்தரிக்காய்ப் பையை என் மடியில் வைத்தார். எங்கள் பஸ்களில் அது வழமை. சீற் கிடைத்தவர் மடி எல்லாருக்கும் பொது. பரந்தன் சந்தியில் திரும்பி, கிளிநொச்சியில் இறங்கி, அறுநூறு ரூபா கொடுத்து ஓட்டோவில் வட்டக்கச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதரை. வழி நெடுகிலும் வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடியது. கதிர் பால் பிடிக்கிற பருவம்.

சுகந்தி தேத்தண்ணீரோடு வந்தாள். கேதீஸ் அண்ணா மேசையில் வெள்ளைத் துணி விரித்து மூன்றையும் பொம்பிளை பார்க்க வைத்ததுபோல் வைத்திருந்தார். ஒன்று கறுப்பு, மெல்லியது. ஒன்று சாம்பல் நிறம், தடித்த மெத்தை. மற்றதன் இரண்டு கிண்ணங்களும் மரத்தில் கடைந்தவை. தொட்டால் கையை எடுக்க மனம் வராது.

"சத்தத்தைத் தானே அழிக்கிற பட்டரி வகை இல்லையோ அண்ணா?"

"அது நல்லதுதான் தங்கச்சி. ஆனா எனக்கு அதில நம்பிக்கை இல்லை. பட்டரி செத்தா அதுவும் செத்துது. இதுகள் உங்களை மாதிரி, தன்ரபாட்டில வேலை செய்யும்."

என்னை அவ்வளவு எளிதில் யாரும் புகழ்ந்ததில்லை. ஹெட்போன் போட்டுப் பார்க்க முக்காட்டை எடுக்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். நான் சொல்லும் முன்னரே எழுந்து விறாந்தைக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு கதிரையில் இருந்தார். சுகந்தி கதவைச் சாத்தினாள். நான் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றாகப் போட, அவர் வெளியிலிருந்து பரிசோதனை நடத்தினார்.

"அடிச்சத்தம் வருதோ, அந்த உறுமல்?"

"வருதாம்!" சுகந்தி இடையில் நின்று கத்தினாள்.

"குரல் முன்னுக்கு நிக்குதோ, பின்னுக்கு நிக்குதோ?"

"அவள் அழுகிறாள், பிறகு கேளுங்கோ!"

உண்மைதான். மரத்தைப் போட்டிருந்தேன். வாசிப்பவரின் குரல் எனக்கு எதிரே ஒரு முழத் தூரத்தில் இருந்தது. அவர் எச்சில் விழுங்குவது கேட்டது. பிறகு ஒரு வீணைப் பதிவு. தந்தியைத் தொட்ட விரலின் உரசல் முதலில் வந்து, அதன்பின் நாதம் வந்தது. முப்பத்தெட்டு வயதுவரை இது இப்படி இருக்கும் என்று தெரியாமலே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேனே என்று நினைக்கக் கண் நிறைந்துவிட்டது. கறுப்பு பரவாயில்லை. சாம்பல் மண்டையைக் கிட்டிபோட்டு நெரித்தது; "அது இறுக்கம், தலை நோகும்" என்று அண்ணாவும் விறாந்தையிலிருந்து தீர்ப்புச் சொன்னார்.

மரம்தான் என்று முடிவானது. முக்காட்டைச் சரிசெய்து, கதவைத் திறந்து, அண்ணாவுக்குக் காட்டுவதற்காக அதன் மேலேயே ஹெட்போனை மாட்டினேன். முகம் செத்துப்போனது. எதிரே இருந்த குரல் தகரப் பேணிக்குள் போயிருந்தது. அடிச்சத்தம் துளியும் இல்லை. அதற்குப் பதிலாக முற்றத்துக் கோழி தெளிவாகக் கேட்டது.

அண்ணா பதறிவிட்டார். வயரைக் கழற்றி ஊதினார், போனுக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் இருந்த விரலளவு பெட்டியை மாற்றினார், கடைசியில் தானே போட்டுப் பார்த்தார். "எனக்கு அந்தமாதிரி, நல்லாக் கேக்குது! உங்களுக்கு என்ன நடந்தது?" நான் போட்டால் கோழி. அவர் போட்டால் வீணை. பேய் பிடித்த சாமானோ என்று சுகந்தி பகிடி விட்டாள்.

எரிச்சலில் இரண்டு உள்ளங்கையாலும் கிண்ணங்களை அழுத்தினேன். போன அடிச்சத்தம் திரும்பி வந்தது. கையை எடுத்தேன், போனது. அப்போதுதான் விளங்கியது. மெத்தை தோலோடு ஒட்டி மூடினால்தான் இது மூடிய ஹெட்போன். என் முக்காட்டின் மடிப்புகளுக்கிடையில் காற்றுக்கு வழி இருந்தது; உள்ளே இருந்தது வெளியேயும், வெளியே இருந்தது உள்ளேயும் போய்வந்தன. பஸ்ஸில் போடப்போகும் ஒன்றை, பஸ்ஸில் ஒருநாளும் இருக்காத கோலத்தில் நின்று தெரிவு செய்திருக்கிறேன். இத்தனை ஹெட்போன் சேர்த்த அண்ணாவுக்கு அது தோன்றவில்லை. அவருடைய தலையில் துணியும் இல்லை, முடியும் அதிகம் இல்லை. ஆனால் எனக்கல்லவா தோன்றியிருக்கவேண்டும்?

"வீட்டில இருந்து கதைச்சுச் சரிவராது. மூண்டையும் கொண்டுபோய் பஸ்ஸில ஏறுங்கோ" என்றார் அண்ணா.

மதியம் மீன் சொதியோடு சாப்பிட்டுவிட்டு, நானும் சுகந்தியும் கிளிநொச்சியிலிருந்து பரந்தனுக்கு ஒரு பஸ்ஸில் ஏறினோம். ஐந்து கிலோமீற்றர் பயணத்துக்கு மடியில் லட்சக்கணக்கில் சாமான். முதலில் மரத்தை முக்காட்டுக்கு உள்ளேயே போட்டுப் பார்த்தேன். சத்தம் சொர்க்கம். ஆனால் தலை பலாப்பழம்போல் வீங்கியிருந்தது.

கொண்டக்டர் ரிக்கற் தர மறந்து நின்றார். "அக்காவுக்குக் காதில ஒப்பரேசனோ?"

"ஓம் தம்பி, ரெண்டு பக்கமும்" என்றாள் சுகந்தி, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். அவர் பாவப்பட்டு டிரைவரிடம் சொல்லிப் பாட்டைக் குறைப்பித்தார். காலையில் கெஞ்சியும் நடக்காத காரியம். சோதனை கெட்டுப்போனதால் மற்ற இரண்டையும் போடாமலே பரந்தனில் இறங்கினோம்.

திரும்பும் பஸ்ஸில் கறுப்பை முக்காட்டுக்கு மேலே போட்டேன். பாடமும் சினிமாப் பாட்டும் சமபங்காக வந்தன. மனம் விட்டுப்போய்ச் சாம்பலை எடுத்தேன். சுகந்தியின் யோசனைப்படி கழுத்தடியில் ஊசியைக் கழற்றி, காதடியில் மடிப்பில்லாமல் துணியை ஒற்றையாக இழுத்துவிட்டு மாட்டினேன். வீட்டில் மண்டையை நெரித்த, மற்ற இரண்டுக்கும் இல்லாத அதே இறுக்கம், துணியை மெத்தையோடு சேர்த்து அமத்திப் பிடித்தது. நோகவில்லை. ஸ்பீக்கர் எங்கோ அடுத்த ஊருக்குப் போய்விட்டது. எஞ்சின் மட்டும் காலடியில் மெல்ல அதிர்ந்தது. வெளியே வெயில்; காதுக்குள் வாசிப்பவர் அமைதியாக இலக்கணப் பாடத்துச் சொற்களைப் பிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். மரத்தின் அழகு இதில் இல்லை. ஒரு சொல்லும் தப்பவுமில்லை.

வட்டக்கச்சியில் சாம்பலுக்குக் காசைக் கொடுத்தபின் சுகந்தியிடம், "கதவை ஒருக்காச் சாத்துறியா?" என்றேன். அவள் சாத்தினாள். அண்ணா மறுபடி விறாந்தைக்குப் போனார். முக்காட்டைக் களைந்துவிட்டு மரத்தில் அந்த வீணையை முழுவதுமாகக் கேட்டேன். கழற்றி வெள்ளைத் துணியில் திரும்ப வைத்தேன். வாங்க முடிந்ததை விட்டுவிட்டு வருவது, வாங்க முடியாததை விட்டு வருவதைவிடக் கஷ்டம்.

முல்லைத்தீவு திரும்பும் பஸ்ஸில் நின்றவர்கள் நிறையப்பேர். யாரோ ஒருவரின் பை என் மடியில். அதற்கு மேலே போனை வைத்துக்கொண்டு, முடித்துவிட்டதாக நினைத்திருந்த ஒரு பாடத்தைத் திரும்பக் கேட்டேன். இரண்டு வரிகளுக்கிடையில் ஒரு கதிரை கிரீச்சிட்டது. இத்தனை நாளும் அது எனக்குக் கேட்டதே இல்லை. புதுக்குடியிருப்பு தாண்டுமுன் வெட்டி எறிந்தேன். வேலை என் கையில்தான் என்று நிம்மதியாக இருந்தது.

வீட்டு முற்றத்தில் றிஸ்வான் பெட்டியைத் திறந்து, சாம்பலைத் தலையில் வைத்ததும் முகத்தைச் சுளித்தார்.

"என்ன நஸ்ரின், மண்டைய நெரிக்குது! இதுக்கா எண்பதாயிரம்?"

கொடியில் காய்ந்த என் பருத்தி முக்காட்டை எடுத்து அவர் தலையில் போட்டு, காதடியில் மடிப்பை இழுத்து நேராக்கி, அதன்மேல் ஹெட்போனை மாட்டிவிட்டேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அரிசி ஆலை பக்கத்தில் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் கதிரையில் மெல்லச் சாய்ந்தார். தேத்தண்ணீர் ஆறுகிறது என்று குசினியிலிருந்து மூன்று தரம் கூப்பிட்டேன். அவருக்குக் கேட்கவில்லை.