கீழே இருந்த தேதி

எங்கள் பட்டாபிராம் திருச்சபையில் ஜெபாவைத் தெரியாதவர்கள்தான் அதிகம். கடைசி வரிசையில் உட்காருவாள், கடைசிப் பாட்டு முடிவதற்குள் கிளம்பிவிடுவாள். கணவன் போன பிறகு வீட்டுவேலை செய்து இரண்டு பெண்களை வளர்த்தவள். இந்த வருஷம்தான் செம்பரம்பாக்கத்தில் ஒரு குடோனில் வேலை கிடைத்தது. மளிகைப் பாக்கெட்டுகளைத் தேதி பார்த்துப் பிரித்து வைக்கும் வேலை. இது அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் என் வாய் சும்மா இருந்திருக்குமா என்ன!

அறுப்பின் பண்டிகைக்கு அவரவர் உழைப்பின் முதற்பலனைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள், அதைச் சபைக்காக ஏலம் விடுவோம். காணிக்கை மேசைப் பொறுப்பு என்னுடையது. முப்பது வருஷம் இங்கிலீஷ் டீச்சர், வேறு யாரிடம் கொடுப்பார்கள்? ஜெபா ஆறு சேமியா பாக்கெட் கொண்டுவந்தாள். முதல் சம்பளத்தில் வாங்கியது என்று மெதுவாகச் சொன்னாள். நான் ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். ‘பெஸ்ட் பிஃபோர்’ போன மாதமே முடிந்திருந்தது.

“ஏம்மா, கெட்டுப்போனதைத்தான் கர்த்தருக்குக் கொண்டு வருவியா?” என் கையில் மைக் இருந்தது.

“கெடல டீச்சர், அதுக்குக் கீய இன்னொரு தேதி கீது...”

“எனக்கே படிச்சுக் காட்டுறியா?”

நாலு பேர் சிரித்தார்கள். ஜெபா ஆறையும் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து என் அலமாரியில் ஒரு ஓட்ஸ் டப்பா. மகன் வாங்கித் தந்தது, விலை அதிகம். அதிலும் பெஸ்ட் பிஃபோர் தாண்டியிருந்தது. தூக்கிப்போட மனம் வராமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீழே படித்தேன். ‘யூஸ் பை’, இன்னும் மூன்று மாதம். முதல் தேதிக்குப் பிறகு ருசி கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். இரண்டாவது தேதிக்குப் பிறகுதான் சாப்பிடக் கூடாது. என் டப்பா என்றதும் கீழ் வரி கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. சீ, என்ன மனுஷி நான்!

அன்று சாயங்காலமே ஜெபா வீட்டுக்குப் போனேன். அந்தச் சேமியாவில்தான் பாயசம் வைத்தாள். டம்ளரோடு காலி பாக்கெட்டையும் என் முன்னால் வைத்தாள்.

“தேதி பாத்துட்டே குடிங்க டீச்சர்.”

டம்ளரைக் கீழே வைத்தேன். “தப்பு என்னுதுதான் ஜெபா. மன்னிச்சிடும்மா.”

“இத்த நான் மட்டும்தானே கேக்கறேன்? அன்னிக்கு நீங்க சொன்னத சபையே கேட்டுச்சி. என் பொண்ணுங்க இப்ப கோயிலுக்கே வர மாட்டேங்குதுங்க.”

ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு நேரத்தில் இரண்டு நிமிஷம் மைக் வேண்டுமென்று போதகரிடம் கேட்டிருக்கிறேன். இன்றைக்கு வெள்ளி. கேட்க வேண்டிய மன்னிப்பை இப்போதே நாலு தடவை எழுதிப் பார்த்துவிட்டேன்.